மூடும்போது அழி

ஒரு சின்னச் சதுரம். அதற்குப் பக்கத்தில் ஒரு வரி: மூடும்போது, பார்த்த பக்கங்களின் பட்டியலை அழி. அந்தச் சதுரத்துக்குள் ஒரு சரி அடையாளம் போட ஒரு நொடி போதும். சுன்னாகத்தில் நான் வேலை செய்கிற கணினிக் கடையில் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் அதைப் போடுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள். “பழைய கொம்பியூட்டர் அண்ணை, இழுத்து இழுத்து வேலை செய்யுது.” உண்மையான காரணத்தை நான் கேட்பதில்லை. கேட்டு என்ன காணப்போகிறேன்? அவரவர் வீட்டில் அவரவர் மறைக்க ஆயிரம் இருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனை சதுரங்களுக்குள் சரி போட்டிருப்பேனோ தெரியாது. கண்ணுக்குள் நிற்பது அக்கா வீட்டில் போட்ட ஒன்றுதான்.

அந்த வீட்டுக் கணினி நானே பொருத்திக் கொடுத்தது. கடையில் செத்துக் கிடந்த மூன்று பெட்டிகளில் ஒன்றின் ஹாட் டிஸ்க்கையும் இன்னொன்றின் மதர்போட்டையும் எடுத்து மூன்றாவதன் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். அது எழும்பி நிற்க ஐந்து நிமிடம் எடுக்கும். ஆளியை அமத்திவிட்டு அக்கா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவார். வந்தும் அது எழும்பாவிட்டால் வாயில் வந்தபடி ஏசுவார். “மூதேவி, எழும்பன். பள்ளிக்கூடப் பிள்ளையள் கூட உன்னை மாதிரி நித்திரை கொள்ளாதுகள்.” முப்பது வருடம் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து இளைப்பாறியவர் அவர். ஏசுவதற்கு ஆள் இல்லாமல் கணினியை ஏசுகிறார் என்று அத்தான் சொல்லிச் சிரிப்பார். அத்தானுக்கு வெங்காயத் தோட்டமும் சீனி வருத்தமும். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் என்று நான் ஒருவன்தான். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.

அக்கா ஒரு நாளும் இணையத்தில் எந்த முகவரியையும் முழுதாக அடித்ததில்லை. ஒரு எழுத்தை அமத்துவார், மிச்சம் தானாக வந்து நிற்கும். மரண அறிவித்தல் பக்கத்துக்கு ஒரு எழுத்து. சந்நிதிக் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டுகிற பக்கத்துக்கு ஒரு எழுத்து. காலையில் யார் செத்தது என்று பார்க்காவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. பார்த்த பக்கங்களின் பட்டியல் நாலு வருடத்துக்கு அப்படியே கிடந்தது. தற்காலிகக் கோப்புகள் வேறு ஹாட் டிஸ்க்கில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. இதையெல்லாம் அழித்துவிட்டால் வேகம் கூடும் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். “அதுகள் பாட்டிலை கிடக்கட்டும்ரா. எங்கை போனனான், எங்கை வந்தனான் எண்டு அதிலைதான் கிடக்கு. உனக்கு வேற வேலை இல்லையே?” என்று என்னைத் துரத்திவிடுவார். எனக்கு உண்மையிலேயே வேறு வேலை இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு வயிற்று நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் பிடித்தார்கள், சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பிறகு ஒரு நாள் வைத்தியர் அத்தானையும் என்னையும் மட்டும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். அக்கா உள்ளே கதிரையில் இருந்து பக்கத்துக் கட்டில் மனுசியோடு கதைத்துக்கொண்டிருந்தார். கணையத்தில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது, பெரிய வைத்தியம் செய்து ஆளை வருத்துவதில் பலன் இல்லை, நோவுக்குக் குளிசை தரலாம் என்றார் வைத்தியர். ஆறு மாதம், கூடினால் எட்டு. நோயாளிக்குச் சொல்வது உங்கள் விருப்பம் என்றும் சொன்னார். அத்தான் சால்வையால் முகத்தைத் துடைத்தார். “சொல்லக் கூடாது தம்பி. வயித்துப் புண் எண்டு சொல்லுவம்” என்றார். நான் ஓம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. இந்த வருத்தம் யாருக்கு வந்ததோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வோம். அயலட்டைக்குத் தெரியும், கோயில் ஐயருக்குத் தெரியும், சந்தையில் வெங்காயம் வாங்குகிறவருக்கும் தெரியும். எல்லோரும் தோடம்பழமும் பிஸ்கட் பெட்டியுமாக வந்து, “கெதியிலை எல்லாம் மாறீடும், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படலையடியில் நின்று அழுவார்கள். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தோம். அப்போது முன்னுக்கு நின்று எல்லோருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அக்கா. வருகிறவர்களைப் படலையிலேயே மறித்து, என்ன கதைக்கலாம், என்ன கதைக்கக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விடுவார். இதை அன்றைக்கு நானோ அத்தானோ நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் அத்தான் கடைக்கு வந்தார். தோட்டத்திலிருந்து நேரே சைக்கிளில் வந்திருந்தார், காலில் செம்பாட்டு மண். சட்டைப் பையிலிருந்து ஒரு கடுதாசித் துண்டை எடுத்துக் காட்டினார். வருத்தத்தின் பெயரை ஆஸ்பத்திரிக் கொப்பியில் பார்த்து ஆங்கில எழுத்தில் கீறி வைத்திருந்தார். கீறி என்றுதான் சொல்ல வேண்டும், எழுதியதுபோல் இல்லை.

“உதைப் பாத்து அடிச்சுத் தேடினனான் தம்பி. ஆரும் தப்பினவை இருக்கினமோ எண்டு பாப்பம் எண்டு. கனக்கக் கிடக்கு. வாசிச்சு முடியேல்லை. உன்ரை அக்கா அதிலை இருந்தால் கண்டுபிடிச்சிடுவா. முதல் எழுத்தை அடிக்க மிச்சம் தானா வருமல்லோ? நான் மூடினவுடனை தானா அழியிற மாதிரி ஏதும் செய்து விடு.”

என் கடையில் வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் போனைக் கொடுத்திருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு முன்னால் ஏழு பெட்டிகள் திறந்தபடி கிடந்தன. ஒரு கணினி ஆள் செய்யக்கூடிய வேலையை ஒரு கணினி ஆளிடம் கேட்டார், செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அக்கா மருதனார்மடத்து ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். பிரவுசரை மூடினால் பார்த்ததெல்லாம் அழிகிற மாதிரி அந்தச் சதுரத்துக்குள் சரி போட்டேன். கணினியை நிறுத்தும்போது தற்காலிகக் கோப்புகளைத் துடைத்துவிடுகிற ஒரு சின்னக் கட்டளையையும் எழுதி வைத்தேன். கால் மணித்தியாலம் கூட ஆகவில்லை. அத்தான் பக்கத்தில் நின்று, “வடிவா அழியுமே? ஒண்டும் மிஞ்சாதே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் மிஞ்சாது என்றேன். நாலு வருடப் பட்டியல் போய்விட்டது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கடைக்கு அழைத்தார். “கொம்பியூட்டர் குதிச்சுக்கொண்டு ஓடுது தம்பி. ஆனா என்னை ஆரெண்டு தெரியேல்லை அதுக்கு. ஒருக்கா வந்திட்டுப் போ.” குரலில் ஒரு கோபமும் இல்லை.

போனபோது அத்தான் தோட்டத்தில். அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருந்தார். பழைய மெஷின், கனக்கக் குப்பை சேர்ந்துவிட்டது, அதுதான் துடைத்துவிட்டேன் என்று நான் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

“நாலு வருசமா நான் வேண்டாம் எண்டனான். நீயும் விட்டனி. இப்ப நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து வந்து துடைச்சிருக்கிறாய். இந்த வீட்டிலை பூட்டுப் போட்ட அலுமாரி ஒண்டு இருக்கோ? அத்தான் உப்புக் கூடிப்போச்சு எண்டு என்னோடை சண்டை பிடிச்சு ரெண்டு கிழமையாகுது. போன புதன் கறிக்கு உப்பே போடாமல் வைச்சனான். நல்லா இருக்கு எண்டு சாப்பிட்டவர். அப்பாவுக்கு நான் செய்ததை எனக்கு நீங்கள் செய்யிறியள், என்ன?”

தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நாற்பது வயது தாண்டிய ஆம்பிளை, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா அழவில்லை. வருத்தத்தின் பெயரைக் கேட்டார், சொன்னேன். எத்தனை மாதம் என்று கேட்டார், அதையும் சொன்னேன். பட்டியல் அப்படியே கிடந்திருந்தால் அவர் அதைத் திறந்து பார்த்திருப்பாரோ இல்லையோ. ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அழிப்பதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், அப்பிடியே விடு. எனக்கும் தேவைப்படும்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தார். “எனக்குத் தெரியும் எண்டு அத்தானுக்குச் சொல்ல மாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. அவளுக்கு ஒண்டும் தெரியாது எண்ட நினைப்பிலைதான் மனிசன் எழும்பி நடமாடுது. அதையும் புடுங்கிப்போட்டால் விழுந்திடும்.” நான் சத்தியம் பண்ணினேன். கையை எடுக்க விட்டால் போதும் என்றிருந்தது.

அன்றிலிருந்து ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் நான் களைத்ததுபோல் வாழ்க்கையில் ஒரு நாளும் களைத்ததில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. நாளில் பாதி நேரம் கறண்ட் இல்லை. வரிசையில் நிற்கும்போது அத்தான் அழைப்பார்: “இண்டைக்கு விடியப் பாத்தனான் தம்பி, ஏதோ மூலிகை எண்டு கிடக்கு, கேட்டுப் பாப்பமே?” அவர் போனை வைத்து அரை மணித்தியாலத்தில் அக்கா அழைப்பார்: “அத்தான் இண்டைக்கு முகம் ஒரு மாதிரி இருக்கிறார். உன்னோடை ஏதும் கதைச்சவரோ?” ஒரே வீடு, ஒரே கணினி. விடியக்காலமை அத்தான் அதில் இருந்து தேடிவிட்டு மூடுவார். அவர் தோட்டத்துக்குப் போன பிறகு அக்கா இருந்து தேடிவிட்டு மூடுவார். ஒவ்வொரு தரமும் நான் எழுதி வைத்தது ஒழுங்காகத் துடைத்துவிடும். நான் செய்த வேலைகளில் ஒரு நாளும் பழுதாகாத வேலை அது ஒன்றுதான்.

அக்கா குசினிக்குள் ஒரு முக்காலியைப் போட்டு அதில் இருந்துகொண்டு அத்தானைச் சமைக்க வைக்கத் தொடங்கினார். “எனக்கு நிக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள்தான் கிண்டுங்கோ. உந்த வயித்துப் புண் மாறும் மட்டும்” என்பார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பார். சோறு குழைந்தால் அக்கா ஏசுவார். அத்தான் திருப்பி ஏசுவதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்காது. இந்த மனிதர்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுப்பி, வாயைத் திறந்து கதையுங்கோ என்று கத்த வேண்டும்போல் எத்தனை நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட இருந்தோம். அக்கா இரண்டு கவளம் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“இண்டைக்கு நோ குறைவு” என்றார்.

“பாத்தியே? புண் ஆறுது” என்றார் அத்தான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். வாய்வரைக்கும் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தேன். சத்தியம் பண்ணியிருந்தேன் என்று சொல்லித் தப்பப் பார்க்கலாம். உண்மை அதுவல்ல, எனக்குப் பயம். அந்த வீட்டில் மிஞ்சியிருந்த கொஞ்ச நாளைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாசி மாதத்தில் அக்கா போய்விட்டார். கடைசிக் கிழமை பேச்சில்லை. அத்தான் பக்கத்தில் இருந்து, “வயித்துப் புண்தான், மாறீடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். முப்பத்தோராம் நாள் கிரியைகளைக் கீரிமலைக் கடற்கரையில் முடித்துக்கொண்டு வந்து, சனங்கள் சாப்பிட்டுப் போன பிறகு அத்தான் என்னைத் தனியே கூப்பிட்டார். “கொக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுதானே?” என்று கேட்டார். நான், “இல்லை அத்தான், தெரியாது” என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுக்கி வைத்த கதிரைகளை எண்ணப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போய்வருகிறேன். அத்தான் சமைப்பார், நான் சாப்பிடுவேன். நன்றாகவே சமைக்கிறார். தன் சீனி வருத்தத்துக்கு ஏற்ற மாதிரிக் குரக்கன் மாப் பிட்டும் பச்சை இலைகளுமாக, எல்லாம் அளவு கணக்கோடு. அவருக்கு முன்னால் இருந்து அதைத் தின்னும்போதெல்லாம் நான் சொன்ன பொய் ஞாபகம் வரும். செத்துப்போன ஆளுக்குப் பண்ணிய சத்தியத்தை எத்தனை வருடம் காவிக்கொண்டு திரிவது? போன மாதம் ஒரு ஞாயிறு, வரும் வழியெல்லாம் வெயில், தலையிடி. இனி என்னால் ஏலாது என்று முடிவு செய்தேன். அவர் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து இருந்ததும் சொல்லிவிட்டேன். நான் பட்டியலை அழித்த மூன்றாம் நாளே அக்காவுக்குத் தெரியும், கண்டுபிடித்துவிட்டார், உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், எல்லாவற்றையும்.

அத்தான் கோபிப்பார் என்று நினைத்தேன். இல்லை, அழுவார் என்று நினைத்தேன். அவர் சால்வையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியும் தம்பி” என்றார்.

“எப்ப தொட்டு?”

“அவ இருக்கேக்கையே. கறண்ட் போய்ப் போய் வந்த காலமல்லோ. ஒரு நாள் அவ பாத்துக்கொண்டு இருக்க நிண்டிட்டுது. அவ எழும்பிப் போய்ப் படுத்திட்டா. கறண்ட் வந்தாப்போலை நான் கொம்பியூட்டரைப் போட்டனான். முந்தித் திறந்திருந்ததுகளைத் திருப்பித் திறக்கவோ எண்டு கேட்டுது. எனக்கென்ன தெரியும், ஓம் எண்டு அமத்திப்போட்டன். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வரத் துவங்கீட்டுது.”

அத்தான் தன் கையைப் பார்த்தபடி சொன்னார்.

“அதிலை அந்த வருத்தத்தின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லைத் தம்பி. முழுக்க நான்தான். சீனி வருத்தக்காரர் தனியச் சமைக்கச் சுகமான சாப்பாடு. சீனி குறைஞ்சு மயங்கினால் தனிய இருக்கிற ஆள் என்ன செய்யிறது. மனிசி செத்த ஆம்பிளையள் எத்தினை வருசம் இருக்கிறவை எண்டும் ஒண்டு.”

“ஏன் அத்தான் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை அவவோடை?”

“கதைச்சிருந்தால் ரெண்டு பேரும் இருந்து அழுதிருப்பம். அவவுக்கு அதுக்கு எங்கை நேரம்? எனக்குச் சமையல் பழக்கிக்கொண்டு இருந்தவ. அதாலை எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டு வடிவா மூடி விட்டன். நீ செய்து வைச்சது துடைச்சுப்போட்டுது. அவ எழும்பி வந்து பாக்கேக்கை, நான் கண்டிட்டன் எண்டு தெரியக் கூடாதுதானே.”

உள்ளே உலை கொதித்து மூடி தட்டுகிற சத்தம் கேட்டது. அத்தான் எழும்பினார். எழும்பியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, மேசையில் இருந்த கணினியைப் பார்த்தார்.

“உதைத் திருப்பி எடுக்க ஏதும் வழி இருக்கோ தம்பி? ஒருக்கா வாசிக்கத்தான்.”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ அழிந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கலியாணப் படங்கள், பிள்ளைகளின் பாடங்கள். இதன் மேலோ, ஹாட் டிஸ்க்கின் அதே இடத்தில், இரண்டு வருடமாக எழுதி எழுதி அழித்தாயிற்று. ஒன்றும் மிஞ்சாது என்று நான்தான் அவருக்குச் சொன்னேன்.

“ஏலாது அத்தான்” என்றேன்.

“தெரியும். சும்மா கேட்டனான்” என்று சொல்லிவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று குசினிக்குள் போனார்.